மாமனாரின் வாய்க்கால் வரலாறு

கத்தி இறங்கிய பிறகுதான் குனிஹிகோ அட்டையைப் பார்த்தான். 'எங்கள் ஊர் வாய்க்காலின் வரலாறு.' எழுதியவர் அவனுடைய மாமனார் கென்ஸோ.

நகோயாவில், மூன்றாம் மாடியில், இரண்டே அறை. ஒன்றரை அறையைப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. "எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள போடுங்க, இல்லாட்டி நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன்" என்று மனைவி சயோகோ சொல்லிவிட்டாள். அவனும் புத்தகத்தின் முதுகை வெட்டும் இயந்திரமும் ஒரு ஸ்கேனரும் வாங்கி, இரண்டு வாரமாக வெட்டிக்கொண்டிருந்தான். தாளை ஸ்கேனர் விழுங்கித் துப்பும். துப்பியது பழைய பேப்பருக்குப் போகும்.

"என்னங்க," சமையலறையிலிருந்து சயோகோ குரல் கொடுத்தாள். "அப்பாவும் அம்மாவும் அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். அவரு புத்தகம் நம்மகிட்ட இருக்கான்னு கேட்டாரு. நீங்க கண்ணு மாதிரி வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றான் குனிஹிகோ, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் உதிரியாக மடியில் வைத்துக்கொண்டு.

வெட்டியதுதான் வெட்டியாயிற்று என்று முதலில் ஸ்கேன் செய்தான். பிறகு தாள்களை அடுக்கி, முதுகில் பசை தடவி, மேலே அரிசி மூட்டையை ஏற்றினான். காலையில் பார்த்தால் பசை உள்ளே ஊறி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பலகையாகியிருந்தது. சூடு பட்டால் பிரியும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தான். பிரிந்தது. கூடவே எழுத்தும் பிரிந்து இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது.

"உங்க வெள்ளைச் சட்டை முதுகுல 'மதகு'ன்னு என்னமோ எழுதியிருக்கே?" என்றாள் சயோகோ.

"இப்ப அதுதான் ஃபேஷன்" என்று சொல்லிவிட்டு, மைத்துனன் டெட்சுரோவுக்குப் போன் போட்டான்.

"உங்கப்பாவோட புத்தகம் உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, நாலு நாளைக்குக் குடேன்."

"இல்ல அத்தான்."

"தொலைச்சிட்டியா?"

"அந்தப் பேச்சே வேண்டாம் அத்தான்" என்று வைத்துவிட்டான்.

அச்சடித்ததே முப்பது பிரதி. உறவுக்காரர்கள் எல்லாரிடமும் கேட்டான். எல்லாரும் ஒரே மாதிரி தொண்டையைக் கனைத்தார்கள். ஒருத்தர்கூடவா வைத்திருக்கவில்லை! மாமனார் பதினோரு வருஷம் சைக்கிளில் அலைந்து எழுதியது இப்போது தன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உயிரோடிருக்கிறது என்று குனிஹிகோவுக்கு உறைத்தது.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, அதை அப்படியே மாமனாரின் ஊர் நூலகத்துக்கு அனுப்பிவைத்தான். அவர்கள் மகிழ்ந்துபோய்த் தங்கள் இணையதளத்தின் முகப்பிலேயே போட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஊர்ப் பள்ளிக்கூடம் எழுபது நகல் எடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கென்ஸோ மனைவியோடும் ஒரு பை ஆரஞ்சோடும் வந்தார். தேநீரைத் தொடக்கூட இல்லை.

"மாப்பிள்ளை, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொண்டாங்க."

குனிஹிகோ மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க மாமா. தெரியாம வெட்டிட்டேன். பசை போட்டேன், இஸ்திரி போட்டேன்... போயிடுச்சு."

"முழுசாவா?" கென்ஸோ இன்னும் அருகில் நகர்ந்தார்.

"முழுசா, மாமா."

கென்ஸோ அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. இருப்பதிலேயே பெரிய ஆரஞ்சை எடுத்து அவன் கையில் வைத்தார். என்ன மனசு இந்த மனுஷனுக்கு என்று குனிஹிகோ உருகிப்போனான்.

"ஆனா நீங்க கவலைப்படாதீங்க மாமா! ஒரு எழுத்து விடாம காப்பாத்திட்டேன். உங்க ஊர் நூலகத்துல போட்டாச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிக்குது. இனிமே யாரு நினைச்சாலும் அழிக்க முடியாது."

கென்ஸோ ஆரஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாமியார் பெருமூச்சு விட்டார். "வாய்க்காலை வெட்டினது புத்தகத்துல இவரு எழுதின மாதிரி நம்ம கொள்ளுத்தாத்தா இல்லையாம் மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தாவாம், அவங்க காதுக்கு எட்டுறதுக்குள்ள வீடு வீடாப் போயி இருபத்தொன்பதையும் வாங்கி எரிச்சிட்டு, கடைசியா இங்க வந்திருக்கோம்."