ரெண்டு விரல் தாராளம்

தாராளக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. தான தருமம் செய்கிற தாராளம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அந்த விஷயத்தில் கொஞ்சம் கை இறுக்கமானவர்தான். இவருடைய தாராளமெல்லாம் துணியில். உடம்பு எந்த அளவோ, உடுப்பு அதற்கு ஒரு சைஸ் மேலே இருக்க வேண்டும். அளவாக இருக்கிற சட்டையைப் பார்த்தால் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதாகவே அவருக்குத் தோன்றும்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஆதிமூலத்தின் தையல் கடை முன்னால் நின்று பாருங்கள். டேப்பை எடுத்ததும் வயிற்றை உப்பி, தோளை விரித்து, இரண்டு அக்குளிலும் தேங்காய் இடுக்கியவர் மாதிரி கைகளை அகட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா? அவர்தான். தையல்காரர் ஆதிமூலம் அளவைச் சொல்லி முடிப்பதற்குள் "இன்னும் ரெண்டு வெரல் தாராளமா வை" என்பார். ஏன் என்று கேட்டால் "தொவச்சா சுருங்கும்" என்பார். சுருங்காத துணி இது என்றால் "நாளைக்கு ஒடம்பு வச்சா?" என்பார். உண்மையான காரணத்தை மட்டும் தெருமுனை தாண்டிய பிறகுதான் சொல்லுவார்: "துணி நம்புளுது. மிச்சம் வுட்டா அவன் தலவாணி ஒற தெச்சுக்குவான்."

சரி, சுருங்கியதா? உடம்புதான் வைத்ததா? இந்த ரகத்தில் ஒருவருக்காவது இரண்டில் ஒன்று நடந்ததாகத் தகவல் இல்லை.

அமிர்தசாமி இந்த ரகத்தில் தேர்ந்த புள்ளி. ராஜகிரிக் கோட்டைக்குக் கிழக்கே கொஞ்சம் நெல் நிலமும் ஆழமான ஒரு கிணறும் உள்ளவர். ஆள் ஒல்லி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் நடந்து வந்தால், முதலில் சட்டை வரும், கொஞ்சம் பொறுத்து அவர் வருவார். செருப்பு காலைவிட ஒரு விரற்கடை நீளம். கல்யாண மோதிரத்தில் நூல் சுற்றியிருப்பார். மனைவி அருளம்மாளின் ரவிக்கைக்கும் அவரேதான் கூட நின்று அளவு சொல்லுவார் என்பதால், அந்த அம்மாள் இரண்டு தோளிலும் ஊக்கு குத்திக்கொண்டுதான் பதினைந்து வருஷமாக நடமாடினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உடம்புக்குச் சரியாக ஒரு துணி உடுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசையா இது? கேட்டால் "சும்மா இரு, சுருங்கும்" என்பார்.

அறுபத்துமூன்றாம் வருஷம் அருளம்மாளின் தம்பி லூர்துநாதன் புதுச்சேரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அவன் அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரன். முசே என்று இவன் அழைக்கிற அந்தத் துரையும் அவருடைய அண்ணனும் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறும்போது, வேண்டாத சாமான்களை இவனிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டிக்குள் இரண்டு கறுப்பு ரப்பர் உடுப்புகள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே உடுப்பு.

"இன்னாடா இது, தோல உரிச்சு வச்ச மாதிரி?" என்றாள் அருளம்மாள்.

"அவுங்க ஊருல பலவ மேல நின்னுகினு கடல் அலையில சறுக்கி வெளையாடுவாங்களாம்க்கா. அங்க கடலு ஐசு மாதிரி இருக்குமாம். அதுக்கு இந்த ரப்பர். நம்ம பாண்டிச்சேரிக் கடல்ல கால வச்சுப் பாத்துட்டு, பெட்டிய மூடுனவருதான் முசே. அப்புறம் தொறக்கவே இல்ல."

ஒன்று முசேயுடையது, அவர் நம் ஊர் ஆள் உயரம். இன்னொன்று அண்ணனுடையது, அவர் வாசல் நிலையில் குனிந்து நுழைகிறவர். "சின்னது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும் மாமா" என்று லூர்துநாதன் எடுத்து நீட்டினான். முசே சொன்ன பக்குவத்தையும் சொன்னான்: "கழுத்துல வெரல் நொழையக் கூடாது. அக்குள்ல பை மாதிரி தொங்கக் கூடாது. குந்துனா முட்டி மடங்கணும், ஆனா இடுப்புல காத்து நிக்கக் கூடாது. மொதல்ல போடச் சொல்ல மூச்சு முட்டும். தண்ணியில எறங்குனா சரியாப் பூடும். உள்ள பூர்ற துளித் தண்ணி ஒடம்புச் சூட்டுல காஞ்சு கதகதன்னு ஆயிடும். லூசா இருந்தா தண்ணி வந்துட்டு வந்துட்டுப் போவும், சூடு நிக்காது."

அமிர்தசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டதெல்லாம் அவருக்குப் பழகின பேச்சாகவே இருந்தது.

"மச்சான், இதெல்லாம் தையக்காரன் பேச்சு. ரப்பர மிச்சம் புடிக்க அந்த ஊரு ஆதிமூலம் கட்டிவுட்ட கத. ரெண்டும் சும்மாதான வருது? பெருச இருக்கச் சொல்ல எவனாச்சும் சிறுச எடுப்பானா?"

அண்ணனுடையதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சின்னதைத் தம்பி மடிக்கப்போனபோது அருளம்மாள் வாங்கி, தன் தோளோடு தோளாக வைத்துப் பார்த்தாள். "இத எனக்குக் குடுடா."

"உனக்கு எதுக்குக்கா?"

"எதுக்கோ. அளவா இருக்குதே."

அந்த மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கரண்ட் மோட்டார் தண்ணீர் இழுக்க மறுத்துவிட்டது. கிணற்றடியில் குழாய் முனையிலிருக்கிற வால்வில் ஏதோ போய் அடைத்துக்கொண்டிருந்தது. மோட்டார் உறுமியதே தவிர ஒரு சொட்டு வரவில்லை. மாடு கட்டி இறைக்கும் பழைய கவலையில் கயிறும் உருளையும் இருந்தன. தண்ணீர் மொள்ளும் தோல் சாலை எலி தின்றுவிட்டிருந்தது. அந்த வாரத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் நெல் அத்தனையும் பதர். வருஷத்துச் சோறே அதுதான். யாராவது மூழ்கிப்போய் அடைப்பை எடுத்தாக வேண்டும்.

அமிர்தசாமி நன்றாக நீந்துவார். கோவணத்தோடு குதித்து, எடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வீட்டில் ரப்பர் உடுப்பு இருக்கிறதே!

"மார்கழியில கெணத்துத் தண்ணி வெதுவெதுன்னு தான இருக்குது? எதுக்குங்க அது?" என்றாள் அருளம்மாள்.

"கெடச்சத சும்மா வச்சிருக்கச் சொல்றியா?"

உள்ளே நுழைந்தார். நுழைந்த பிறகும் இன்னொருவருக்கு இடம் இருந்தது. கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்துவிடுமே என்று துண்டால் கழுத்தைக் கட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சணலைச் சுற்றி இறுக்கினார். அளவாக எடுத்திருந்தால் கட்டவே வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரிகிறது. அவருக்கு அது தோன்றவில்லை. பக்கத்து நிலத்துத் தனகோட்டி மாடுகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

அமிர்தசாமி குதித்தார். மூழ்கவில்லை. உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் முதுகிலும் வயிற்றிலும் புடைத்துக்கொள்ள, மல்லாந்து மிதந்தார். தலையை உள்ளே அமுக்கினால் கால் எழும்பியது. காலை அமுக்கினால் தலை எழும்பியது.

"இன்னா அமிர்தம், கெணத்துக்குள்ளயே படுத்துட்ட?" என்று மேலிருந்து தனகோட்டி கேட்டார்.

காற்று போகட்டும் என்று துண்டை அவிழ்த்தார். காற்று போனது. அது போன வழியாகத் தண்ணீர் வந்தது. கணுக்காலில்தான் சணல் கட்டியிருக்கிறதே. வந்த தண்ணீர் எங்கே போகும்? காலிலிருந்து மார்பு வரைக்கும் நிறைந்தது. கிணற்றுப் படியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினார். கால் வரவில்லை. மோட்டார்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியபோது, அமிர்தசாமிக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. நெல் போனால் போகட்டும், உயிரோடு மேலே போனால் போதும் மாதாவே என்று வேண்டிக்கொண்டார்.

தனகோட்டி அந்தக் காலத்து மனுஷன், யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. தன் மாடுகளைக் கவலையில் பூட்டி, கயிற்றை இறக்கினார். அமிர்தசாமி அதை அக்குளில் சுற்றி முடிந்துகொண்டார். மாடுகள் சரிவில் இறங்க, தோல் சால் வருகிற அதே வழியில், அதே அசைவோடு, தண்ணீர் நிறைந்த அமிர்தசாமி மேலே வந்தார். உருளைக்குப் பக்கம் வந்ததும் தனகோட்டி பழக்க தோஷத்தில் அவரை வாய்க்கால் பக்கமாகத் திருப்பி, கணுக்கால் கட்டை அரிவாளால் அறுத்துவிட்டார். தண்ணீர் சளசளவென்று வாய்க்காலில் ஓடியது. அன்றைக்கு அதுவரைக்கும் அந்தப் பயிருக்குப் பாய்ந்த தண்ணீர் அவ்வளவுதான்.

அவர் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து இருமி முடித்தபோது, அருளம்மாள் பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். முசேயின் ரப்பர் உடுப்பு. அதன்மேல் பழைய புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள். ஓர் இடத்தில் சுருக்கமில்லை, ஓர் இடத்தில் தொங்கவில்லை. ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் படியில் இறங்கினாள். குழாயைப் பிடித்தபடி தலைகீழாக உள்ளே போனாள்.

தனகோட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. "அருளு! அருளு!" என்று அமிர்தசாமி கத்தினார். எழுந்து ஓடப் பார்த்தார். காலில் ரப்பர் தடுக்கி விழுந்தார். அதற்குள் அவள் தலை தெரிந்தது. கையில் ஏதோ துணி.

மேலே வந்து ஸ்விட்சைப் போட்டாள். குழாய் இரண்டு தரம் செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. வாய்க்கால் நிறைந்து பயிருக்குள் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் வந்த சந்தோஷம் பாதி. உடம்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த உடுப்பின் சந்தோஷம் பாதி. கழற்றவும் மனசில்லை.

பிறகு கையிலிருந்ததைப் பிரித்துக் கணவர் முன்னால் போட்டாள். அது அமிர்தசாமியின் கோடு போட்ட அரை டிராயர். போன மாதம் குளிக்கும்போது கோட்டைக் குரங்கு தூக்கிப்போய்விட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த டிராயர்.

"கொரங்கு எடுத்துகினு போவல. நீந்தச் சொல்ல இடுப்புல நிக்காம தானா கழண்டு போயிருக்குது" என்றாள். "இன்னா சொல்றீங்க இப்ப?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் திருந்துவான் என்றுதானே நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள்? அமிர்தசாமி டிராயரை எடுத்தார். நன்றாகப் பிழிந்தார். உதறினார். இரண்டு கையாலும் இடுப்புப் பட்டியை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தனகோட்டி, பாத்தியா! ஒரு மாசம் தண்ணியில கெடந்தும் ஒரு நூலு சுருங்கல. துணின்னா இது துணி!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது நீங்கள் போட்டிருக்கிற சட்டையின் தோள் தையல் எங்கே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். தோளில்தானே? இல்லையா? இன்னும் கொஞ்சம் கீழே போங்கள், அகப்படும்.