அம்மனுக்குக் கன்னம் உப்பிய மாசி

நாயனம் கேட்டு அழுவதில் எங்கள் அழுவாச்சி மேஸ்திரியை மிஞ்ச செய்யாற்றுக்கு இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும் ஆளில்லை.

அவர் கொத்தனார். கரண்டி இல்லாமல்கூட வேலைக்கு வந்துவிடுவார். செல்போன் இல்லாமல் வரமாட்டார். அதில் பக்கத்து ஊரான பெருநகரின் நாயனக்காரர் வாசித்தது மட்டும்தான் இருக்கும். சத்தம் பெரிசாகக் கேட்க போனைச் சிமென்ட் அள்ளும் காலி பாண்டுச் சட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் முதல் கல்லைத் தொடுவார். வேகமான வாசிப்பென்றால் சுவர் கிடுகிடுவென்று ஏறும். இழுத்து வாசிக்கும் இடம் வந்தால் போச்சு. கரண்டி நிற்கும். துண்டால் கண்ணைத் துடைப்பார், மூக்கைச் சிந்துவார், மறுபடி முதலிலிருந்து போடுவார். கலந்து வைத்த சிமென்ட் கல்லாகிவிடும்.

எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு ஒரு சுவர் கேட்டோம். நாலு நாள் அழுது முடித்து, சுவரோடு தோகை விரித்த மயில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

"மாட்டுக்கு எதுக்கு மேஸ்திரி மயிலு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் இன்னா பண்றது நைனா? அவரு அப்டி வாசிச்சிட்டாரு."

மாசியில் மயானக் கொள்ளைக்கு, சுடுகாட்டில் அங்காளம்மனை மண்ணால் படுத்த வாக்கில் பிடிப்பதும் மேஸ்திரிதான். முழித்த கண், கோரைப்பல், தள்ளிய நாக்கு எல்லாம் இருக்கவேண்டும். சாமி வந்த பூசாரி ஓடிவந்து உருவத்தைக் கலைப்பார். ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப்போய்க் கழனியில் போடுவோம்.

போன மாசிக்குப் பத்து நாள் முன்னால் நாயனக்காரர் செத்துப்போனார். மேஸ்திரி சோறு தின்னவில்லை என்றார்கள். அம்மனைப் பிடிக்க மட்டும் பாண்டும் போனுமாக வந்துவிட்டார்.

கொள்ளையன்று போய்ப் பார்த்தால் அம்மனுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. உதடு குவிந்திருக்கிறது. வாயில் நாயனம்தான் பாக்கி.

தர்மகர்த்தா சுற்றிச் சுற்றி வந்தார். "யோவ், அம்மனுக்கு இன்னா, பல்லு வலியா?"

"எனுக்கே தெரியாம வந்துடிச்சி ஐயா."

"அம்மன் மாதிரியா கீது இது? சாமி வர்றதுக்குள்ள அயிச்சிட்டு நாக்கை வை. இல்லாட்டி நீ பிடிக்கிற கடைசி அம்மன் இதுதான்."

மேஸ்திரி மண்ணைக் குழைத்து முகத்தருகே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி நின்றது.

"முடியல ஐயா. அவருக்கு வாய்க்கரிசி போட்டப்ப கூட இப்டி ஆவல."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று தர்மகர்த்தா சொல்லும்போதே பம்பைச் சத்தம் வந்துவிட்டது. பூசாரி வேப்பிலையோடு தலைவிரி கோலமாக ஓடி வந்தார். வந்தவர், அம்மன் முகத்தைப் பார்த்ததும் சடாரென்று நின்றார். பம்பையும் நின்றது. மேஸ்திரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அட, நீயா!" என்றது பூசாரி மேல் வந்த அம்மன். பிறகு தர்மகர்த்தா பக்கம் திரும்பியது. "வருசா வருசம் என் முன்னால ஊதிக்கினே வந்தவன்டா இவன். ஒரு நாளு என் மொகத்துல இருந்துட்டுப் போறான். உனுக்கு இன்னாடா பேஜாரு?"

தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புதான் தாயே! இனிமே அவனே பிடிக்கட்டும்." அம்மனோடு யார் வாதாடுவது?

காலிலிருந்து கலைத்துக்கொண்டே வந்த பூசாரி, முகத்தை மட்டும் உட்கார்ந்து இரண்டு கையாலும் மெதுவாகக் கலைத்தார். கூட்டம் மண்ணுக்கு முண்டியடித்தது.

மேஸ்திரி தள்ளிப்போய், வேறெங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து வெளி ஆம்பளையிடம் நானாகப் போய்ப் பேசியதில்லை. அன்றைக்குப் போனேன்.

"மொகம் அப்டியே அவருதான் அண்ணே" என்றேன்.

"இன்னாமா?" என்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.