வெள்ளைக் குதிரைக்கு ஒரு நிமிஷம்

நாலு மணி ஏலம் முடிய ஒரே ஒரு நொடி இருந்தபோது, 'பொறுமைசாலி' என்ற பெயரில் விளையாடும் யாரோ ஒரு காசு கூட்டிக் கேட்டு வெள்ளைக் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். போன வாரமும் இதே கதைதான். டெய்லர் மாஸ்டர் போனைத் தையல் மெஷின்மேல் கவிழ்த்து வைத்தார்.

போனில் ஆடும் அந்தப் பண்ணை விளையாட்டு என்னவோ இலவசம். ஆனால் குதிரைக்குக் காசு சேர்க்க ஒரு மாதம் முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாஸ்டர் ஊற்றினார். வெளியூரில் படிக்கும் மகள் போனில் பேசினால் "ம்" என்பதோடு சரி. அந்தப் பண்ணைக்கு வந்தால்தான் அப்பாவிடம் வாய் ஓயாமல் பேசுவாள். அடுத்த வாரம் அவள் பிறந்தநாள். குதிரை கேட்டிருந்தாள்.

பெஞ்சில் கோட்டுக்காரர் காத்திருந்தார். கோட்டு தைக்கத் துணி கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பாவம், வாய் செத்த மனிதர். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மாஸ்டரும் வழக்கம்போல "அஞ்சே நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினார். கடைசி நொடியில் யார் ஏலம் கேட்டாலும் மற்றவருக்கு ஒரு நிமிஷம் அவகாசம் தர வேண்டும், அதுதான் நியாயம் என்று.

கம்பெனி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அங்கேதான் வந்தது வினை.

அடுத்த வாரம் நாலு மணிக்கு முடிய வேண்டிய ஏலம் நாலே முக்காலுக்கும் முடியவில்லை. மாஸ்டர் கேட்டால் பொறுமைசாலி ஒரு காசு கூட்டுவான். உடனே இன்னொரு நிமிஷம். ஒரு கண் போனிலும் ஒரு கண் ஊசியிலுமாக மாஸ்டர் கோட்டின் வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்தார். அதைப் பிரிக்கப் போனவர் இஸ்திரிப் பெட்டியை மறந்தார். யாருடைய பேன்ட்டோ புகைந்தது. அதை அணைத்துவிட்டு வருவதற்குள் அந்த ஒரு நிமிஷமும் ஓடிப்போயிருந்தது.

குதிரை போச்சு. நாளைக்குப் பிறந்தநாள். மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எம் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டா," என்று ஆரம்பித்து, அன்றும் பெஞ்சில் காத்திருந்த கோட்டுக்காரரிடம் முள்ளங்கி முதல் குதிரை வரை கொட்டித் தீர்த்தார். "அடுத்தவன் நேரத்துக்கு மதிப்பே கொடுக்காதவனை என்ன சார் பண்றது?"

சொல்லி முடித்தபிறகுதான் கையிலிருந்த கோட்டு கண்ணில் பட்டது. மாஸ்டருக்கு வெட்கமாகப் போயிற்று. போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு, அன்றுதான் முதல்முறையாகத் தலை நிமிராமல் தைத்தார்.

கோட்டுக்காரர் எழுந்து வந்து தன் போனை அவர் முன்னால் நீட்டினார். 'பொறுமைசாலி'யின் பண்ணையில் மூன்று வெள்ளைக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"உங்க பெஞ்சுல காத்திருந்து காத்திருந்து சேர்த்தது மாஸ்டர். ஒண்ணு உங்க பொண்ணுக்கு. கோட்டு முடியட்டும், அஞ்சே நிமிஷத்துல அனுப்பிடறேன்."