கோழிகளுக்கு லீவ் விட்ட அட்டெண்டன்ஸ் அக்கா

லேட்டாக வந்த கோழியைக் கூண்டுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நிற்க வைத்துத் தண்டனை கொடுத்த மனுஷி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அட்டெண்டன்ஸ் அக்கா. உலகத்திலேயே என்று சும்மா சொல்லவில்லை. இன்னொருவரை யாராவது கொண்டுவந்து காட்டட்டும், நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமம். தெருக்கோடியில் இரண்டே வீடு. ஒன்றில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். இன்னொன்று அக்காவுடையது. அதற்கப்புறம் கரும்புத் தோட்டம்தான். அந்தக் கரும்புக்குள் கீரி இருந்தது, காட்டுப்பூனை இருந்தது, பாம்பு இருந்தது. மேலே பருந்து. இவ்வளவுக்கும் நடுவில் அக்கா பதினாலு கோழி வளர்த்தார்.

அவர் அரசுப் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் மணியடித்தார், வகுப்பு வகுப்பாக அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஸ்கூல்ல ஆயிரம் புள்ளிங்கள மேச்சாச்சு, இன்னும் இன்னாத்துக்கு?" என்பார். ரிட்டயர் ஆன கையோடு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களை எல்லாம் கோழிகளாக்கிவிட்டார். பொட்டைக் கோழிகளில் ஒன்று தமிழ் டீச்சர், ஒன்று சயின்ஸ் மிஸ். முட்டை போட்டுவிட்டுப் போட்ட இடத்தை மறந்துவிடுகிற கோழி கணக்கு டீச்சர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற சேவல் பி.டி. மாஸ்டர். அடைக்கு உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத கறுப்புக் கோழிக்கு கிளார்க்கு என்று பெயர்.

"சீட்ட வுட்டு நவுருதா பாரு. அசல் ஆபீஸ் ரூம் கிளார்க்கேதான்" என்று பெருமையாகக் காட்டுவார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூண்டு வாசலில் நின்று உரத்த குரலில் அட்டெண்டன்ஸ் எடுப்பார். பெயர் சொன்னதும் அந்தக் கோழி உள்ளே போக வேண்டும். வராவிட்டால், "தமிழ் டீச்சர்! தமிழ் டீச்சர்ர்ர்!" என்று போடுகிற சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் போகும். தமிழ்ப் பண்டிதை ஒருவர் நிஜமாகவே அந்தத் தெருவழியாக சைக்கிளில் போனபோது பிரேக் அடித்து இறங்கி, "என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

பகலில் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் கரண்டு மணி வந்தபோது வேண்டாமென்று போட்ட தண்டவாளத் துண்டை அக்கா கேட்டு வாங்கிவந்து முருங்கை மரத்தில் தொங்கவிட்டிருந்தார். வானத்தில் பருந்து ஒரு சுற்று சுற்றினால் போதும், இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டங்கு டங்கென்று அடிப்பார். கூடவே வசவு வேறு.

"ஏய் பிராந்தே! ஒனக்கு வூடு வாசல் இல்ல? புள்ளகுட்டி இல்ல? எறங்குனன்னு வெய்யி, றெக்கய ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவன்!"

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில்தான் நான் ஒற்றைத் தலைவலியோடும் வயிற்றில் பிள்ளையோடும் குடியிருந்தேன்.

ஒற்றைத் தலைவலி வராதவர்கள், "ஒரு காபி குடி, சரியாயிடும்" என்பார்கள். அவர்களை நான் மன்னித்ததே இல்லை. முதலில் கண்ணுக்குள் வெளிச்சக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அப்புறம் வலது பக்கம் ஆணி இறங்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, சத்தம் ஆகவே ஆகாது. கல்லூரி நாளிலிருந்து எனக்கு இது உண்டு. அதற்கென்று ஒரு மாத்திரை இருந்தது. கர்ப்பமான பிறகு அது கூடாதென்று டாக்டர் நிறுத்திவிட்டார். சாதாரண பாரசிட்டமால் மட்டும் போடலாம் என்றார். நான் அதையும் போடவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷம் என் முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. கலைவதற்கு முந்தின வாரம் தலைவலிக்கு மாத்திரை போட்டிருந்தேன். அதனால் இல்லையம்மா என்று டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். என் மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும், அதற்காகத் தலை வெடித்தால் வெடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டறையில் கிடந்தேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், தலையில் ஈரத்துண்டோடு கிடக்கும்போது டங்கு டங்கு ஆரம்பித்தது. பொறுக்க முடியாமல் வேலிவரை போய்க் கத்தினேன்.

"அக்கா! கொஞ்சம் நிறுத்துங்க! தல வெடிக்குது!"

"நான் நிறுத்திடுவேம்மா. பிராந்து நிறுத்தணுமே. அதாண்ட போயி லெட்டர் குடுக்கவா?"

சொல்லிக்கொண்டே திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கம்பியைக் கீழே போட்டார். அரை மணியில் சுக்கை இழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நெற்றியில் பத்து போட்டார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவர் புடவை மேலேயே வாந்தி எடுத்தேன். நான் வெட்கத்தில் செத்துப்போனேன். அக்கா அசரவில்லை.

"எடு எடு, நல்லா எடு. வெளிய வந்துட்டா தலவலி வுட்டுடும்" என்று முதுகைத் தடவினார். நிஜமாகவே கொஞ்சம் விட்டது.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். அதற்கு நான் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கிளார்க்கு அடைகாத்த முட்டைகளை ஒரு சாரைப்பாம்பு வந்து தின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அக்கா வந்து குழைந்தார்.

"எம்மா, கூண்டாண்ட வந்து கொஞ்ச நேரம் குந்தேன்."

"எதுக்குக்கா?"

"மாசமா இருக்கறவங்களப் பாத்தா பாம்புக்குக் கண்ணு தெரியாதாம். நீ சும்மா குந்து. மிச்சத்த அது பாத்துக்கும்."

எனக்கு முந்தின நாள்தான் தலைவலி விட்டிருந்தது. இருந்தாலும் போனேன். மர நிழலில் நாற்காலி போட்டு, கையில் குடை கொடுத்து, மோர் கொடுத்து, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்தார். வெயில் கூசுமே என்று நான் கணவரின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரும்பிலிருந்து சாரை வந்தது. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அதற்குக் கண் நன்றாகவே தெரிந்தது. நேராகக் கூண்டுக்குள் போய் ஒரு முட்டையைச் சாவகாசமாக முழுங்கிவிட்டு வந்த வழியே போனது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று அலறிக்கொண்டிருந்தேன்.

அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தப்பு பாம்பு மேல இல்லம்மா. நீ கண்ணாடி போட்டுக்கினு குந்தியிருந்த. அது ஒன்ன ஆம்பளன்னு நெனச்சிக்கிச்சு."

நான் அன்றைக்குச் சிரித்ததுபோல் அந்த ஒன்பது மாதத்தில் வேறு என்றைக்கும் சிரிக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் சிரிப்பு நின்றது. தலைவலி மூன்று நாள் விடவில்லை. கால் வீங்கியது. டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது உங்க பழைய தலைவலிதான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கண்ணு மங்கினா, வலி விடலன்னா உடனே கிளம்பி வந்துடணும்" என்றார். பாரசிட்டமாலைத் தன் முன்னாலேயே முழுங்க வைத்தார். பிரஷருக்கும் மாத்திரை எழுதினார். நல்ல தூக்கம் வேண்டும், வாரம் இரண்டு தடவை பரிசோதனைக்கு வரவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வேலியருகே நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதில் ஒரு வார்த்தை அவரே சேர்த்துக்கொண்டது.

"சத்தமே ஆகாதுன்னுட்டாங்கக்கா."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாராம்.

அடுத்த நாளிலிருந்து தண்டவாளம் அடிக்கப்படவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா கூண்டு வாசலில் நின்று வாயை மட்டும் அசைத்து அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கோழிகள் ஒன்றும் புரியாமல் அவர் வாயையே பார்த்தன. பருந்து வந்தால் பழைய புடவையை இரண்டு கையாலும் விசிறிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடுவார். தெருவில் போனவர்கள் அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தான் வாயை மூடிக்கொண்டது போதாதென்று ஊர் வாயையும் மூடினார். மணப்பட்டிலிருந்து மொபெட்டில் வருகிற மீன்காரர் தெருமுனையிலிருந்தே "சங்கரா, வவ்வா, நெத்திலீ" என்று நீட்டி முழக்குகிறவர். அவரை மடக்கி அக்கா என்ன மிரட்டினாரோ, அந்த மனுஷர் வண்டியை ஆஃப் செய்து தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலில் கோயில் அர்ச்சகர் மாதிரி குனிந்து, "மீனு..." என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நான் தூங்கினேன். மாதக்கணக்கில் தூங்காத தூக்கமெல்லாம் சேர்த்துத் தூங்கினேன். தலைவலி பத்து நாளைக்கு ஒன்று என்று குறைந்தது. கோழிகளின் கொக்கரிப்பும் நாளுக்கு நாள் குறைந்தது. அதுவும் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். ஒரு நாள் சேவல் சத்தமும் கேட்காமல் போகவே, அக்காவிடம் கேட்டேன்.

"என்னக்கா, கோழிங்களயே காணோம்?"

"லீவ் வுட்டுட்டேம்மா. திருக்கனூர்ல தங்கச்சி வூட்டுக்கு அனுப்பியிருக்கன். நீ பெத்துப் பொழச்சி வா, அப்பறம் ஸ்கூல் தொறக்கலாம்" என்றார் மெதுவான குரலில்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றேன் நான். அறிவு கெட்டவள், அப்படித்தான் சொன்னேன்.

பிரஷர் ஏறியதால் நாள் தள்ளிப்போட முடியாதென்று ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். இரண்டேகால் கிலோ. வில்லியனூரில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பிள்ளையோடு திரும்பினேன். அக்கா வீட்டுக் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே இறகு கூட இல்லை. ஸ்கூல் இன்னுமா திறக்கவில்லை என்று மீன்காரரிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தங்கச்சி வூடா? அந்தம்மாவுக்கு ஏதும்மா தங்கச்சி? ஒண்ணொண்ணா கீரி அடிச்சிட்டுப் போச்சு. மிச்சத்தப் பூனை. அந்தக் கறுப்புக் கோழி அடையில குந்திக்கினு இருக்க சொல்லவே போச்சு. சேவலக் கழுத்தப் புடிச்சி கீரி கரும்புக்குள்ள இழுத்துக்கினு போறத நானே பாத்தன். அந்தம்மா கையில கம்பி இருக்குது, தண்டவாளத்தாண்டதான் நிக்கிது. அடியேம்மா, ஒரு அடி அடிச்சா வுட்டுட்டு ஓடிடும்னு சொன்னன். 'அங்க புள்ளத்தாச்சி தூங்குது, நீயும் கத்தாத'ன்னு என் வாயப் பொத்திடுச்சு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடினேன்.

"ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"நெசத்தச் சொன்னா நீ அழுவ. அழுதா ஒனக்குத் தலவலி வரும்" என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

கோழிக்குஞ்சு வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "போதும்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்புறம் அவர் கோழி வளர்க்கவே இல்லை. அதைவிட எனக்குத் தாங்காதது, அந்தக் குரல் பழையபடி திரும்பி வரவே இல்லை. மாதக்கணக்கில் அடக்கிப் பழகியதோ, கோழிகளோடு போய்விட்டதோ தெரியாது. என் பெண் வளர்ந்து வாசலெல்லாம் கத்திக்கொண்டு ஓடுவாள். அக்கா அவளிடம் கூட ரகசியம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாவு வீட்டுக்கு மேளக்காரர்கள் வந்தார்கள். எனக்குக் காலையிலிருந்தே கண்ணில் கோடுகள் ஓட ஆரம்பித்திருந்தன. என் முகத்தைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நல்ல மனசோடு மேளக்காரர்களிடம் போய், "அந்தம்மாவுக்குத் தலவலி, அவங்களுக்கு ஆவாது. கொஞ்சம் மெதுவா அடிங்கப்பா" என்றார். அவர்களும் சரியென்று தணித்தார்கள்.

நான் எழுந்து போனேன். "வேணாம்ணே. நல்லா சத்தமா அடிங்க" என்றேன்.

அடித்தார்கள். தெருவே அதிர்ந்தது. வலது பக்கம் தலை பிளந்துகொண்டு வந்தது. எல்லோரும் என்னை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவைத் தூக்குகிற வரைக்கும் மேளத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன்.