மூன்று தடவை அளந்த காற்று

எதையும் ஒரு தடவை பார்த்தால் நான் நம்ப மாட்டேன். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ் டிக்கெட்டை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். இதை நான் கவனம் என்பேன், என் மனைவி வியாதி என்பாள். வியாதி என்றே வைத்துக்கொண்டால், அது எனக்குத் தொற்றியது எண்பதுகளில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது.

அங்கே எந்தப் பொருளானாலும் மூன்று தடவை அளந்து, மூன்றையும் நோட்டில் எழுதவேண்டும். ஆறே மாதத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் சட்டைப் பையில் ஸ்கேலோடு திரிந்த ஒரே ஆள் நான்தான். (அப்பாவின் மண்வெட்டிப் பிடியைக்கூட ஒரு நாள் அளந்தேன். அவர் அதே பிடியால் என் முதுகை அளக்க வந்தார்.)

அந்த நேரத்தில் மண்ணூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் புஷ்பா. அவள் அப்பா வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்கு இவள்தான் என்று தோன்றிவிட்டது. ஆனால் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் அவர்கள் கையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்துவிட்டுப் போனபிறகு இருவரில் ஒருவரை முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வாத்தியாரை வெல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, அக்கா வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள். மாமா கப்பலில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டி அது. பள்ளத்தின் அதிர்வைத் தாங்கும் பின்பக்க ஷாக்கில் ஸ்பிரிங்கோடு காற்றும் அடைத்திருக்கும். இரண்டு ஷாக்கிலும் டயரில் இருப்பதுபோல ஒரு வால்வு உண்டு. சாவியைக் கொடுக்கும்போது மாமா சொன்னார்:

"பின்னாடி அப்பாவ ஏத்திக்கினு போற இல்ல, அதுக்கு முப்பது பவுண்டு காத்து வேணும். நானே அடிச்சி வெச்சிருக்கறேன். நீ ஒண்ணும் நோண்டாத."

நோண்டாமல் இருக்க நான் யார்? இன்ஸ்பெக்‌ஷன் ஆள் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் காற்று அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் குந்தினேன். வால்வில் வைத்து அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், முள் முப்பதில் நின்றது. எழுதிக்கொண்டேன். இரண்டாம் தடவை இருபத்து நான்கு. மூன்றாம் தடவை பத்தொன்பது.

எனக்கு வேர்த்துவிட்டது. லீக். மாமா கவனிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த ஷாக்கையும் அளந்தேன். அதிலும் அப்படியே இறங்கியது. சோப்புத் தண்ணீர் கரைத்து வால்வில் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வு ஊசியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். (மிச்சமிருந்த காற்றும் அதில் போனது.) பக்கத்து வீட்டு பம்பை வாங்கி அடித்தேன். அளந்தேன், மூன்று தடவை. மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அளந்தேன்.

அப்பா பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து நின்றார். "மணி இன்னா தெரியுமா? நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அவங்க வூட்டு வாசப்படி மிதிக்கணும்."

"ஒரே ஒரு தடவ செக் பண்ணிடறேம்பா."

"நீ மத்தியானத்துலேர்ந்து அதத்தான் பண்ணிக்கினு கீற."

கிளம்பும்போது ஷாக்கில் காற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அப்பா சாதாரண ஆகிருதி அல்ல. அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் மாடு படுப்பதுபோலப் படுத்தது. மடியில் பழத் தட்டு. அந்தக் காலத்துப் பிள்ளைப்பாக்கம் ரோட்டில் பள்ளங்களுக்கு நடுவேதான் ரோடு இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங்கென்று அடி, டயர் மட்கார்டில் உரசும் நாற்றம், கூடவே அப்பாவின் குரல்.

"டேய், என் இடுப்பு எங்க கீதுன்னு பாத்து சொல்லு."

பாதி வழியில் பயந்துபோய் நிறுத்தினேன். நிறுத்தினால் சும்மா இருப்பேனா, அளந்தேன்.

மண்ணூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. தட்டில் இருந்த வாழைப்பழம் பஞ்சாமிர்தம் ஆகியிருந்தது. புஷ்பாவின் அப்பா வாசலிலேயே கைகூப்பி நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ராகு காலம் பொறந்துட்சி. ஆறு மணிக்கு மேல உள்ள வாங்க. அதுவரைக்கும் நம்ம கடையிலயே ஒக்காருங்க."

ஆக, ஒன்றரை மணி நேரம் மாப்பிள்ளை சைக்கிள் கடையில். எதிரே வண்டி, கடையில் நல்ல பெரிய பம்பு, பையில் கேஜ். இதைவிட வேறென்ன வேண்டும்? அடித்தேன், அளந்தேன், எழுதினேன். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. என் தொழில் திறமையைப் பெண் பார்க்கிறாள் என்று இன்னும் சுறுசுறுப்பாக அளந்தேன்.

ஆறு மணிக்கு உள்ளே போனோம். என் கையெல்லாம் கிரீஸ், சட்டையில் சோப்பு. புஷ்பா காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் அப்பா, "பையன எதனா கேக்கணும்னா கேளும்மா" என்றார். எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள், வழக்கத்துக்குச் சொல்வதுதான். இவள் கேட்டாள்.

"அந்தக் காத்த எதுக்கு மூணு மூணு தடவ எறக்கி உட்டுக்கினு இருந்தீங்க?"

நான் கெத்தாக நோட்டை எடுத்து நீட்டினேன். "எறக்கலைங்க, அளந்தேன். லீக் இருக்கு. பாருங்க, முப்பது, இருபத்திநாலு, பத்தொம்போது."

அவள் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தாள். "லீக்குன்னா நீங்க காபி குடிக்கும்போதும் எறங்கணும் இல்ல? நீங்க கேஜ் வைக்கறப்ப மட்டும்தான் எறங்குது. டயர்னா பெருசு, ஒரு புஸ்ஸு போனா தெரியாது. இந்த ஷாக்ல இருக்கறதே ஒரு சொம்பு காத்து. அளக்கறதுக்கே கால்வாசி போயிடும்."

நான் நோட்டைப் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நான்கு பக்கமும் நானே திறந்துவிட்ட காற்றின் கணக்கு. வாத்தியார் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி மூடிக்கொண்டு, "ஆமாங்க. நான்தான்" என்றேன்.

முதலில் சிரித்தது அப்பா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் அவள் அப்பா. புஷ்பா மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய், பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு ஷாக்குக்கும் எண்ணி எண்ணிக் காற்று அடித்தாள். நான் பழக்கதோஷத்தில் கேஜை எடுத்தேன். அப்பா அதைப் பிடுங்கிப் பழத் தட்டில் வைத்து அவள் அப்பாவிடம் கொடுத்தார்.

"சம்மந்தி, மொதல்ல இத வாங்கி உள்ள வையுங்க."

சம்பந்தி என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு டங்குகூடக் கேட்கவில்லை. வாத்தியாரை விட்டு என்னை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு புஷ்பாவைக் கேட்டேன். "தப்புன்னு சொன்னதும் ஆமாம்னு சொன்னியே, அதான்" என்றாள்.

இப்போது எனக்கு ரத்த அழுத்தம். டாக்டர் தினமும் வீட்டில் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். கைப்பட்டையைச் சுற்றி, காற்றடித்து, புஸ்ஸென்று விட்டு, நோட்டில் எழுதிவிட்டு இரண்டாவது தடவைக்குக் கையை நீட்டுவேன். புஷ்பா வந்து பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"போதும். உள்ள கொஞ்சமாவது மீதி இருக்கட்டும்."