சுவரை நக்கிப் பார்த்த உப்பு மேசன்

எங்கள் தீவுப் பகுதியில், வீடு கட்டித் திருத்துகிற உப்பு மேசனின் நாக்குக்குத் தப்பிய சுவர் கிடையாது. நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மனிதர் உண்மையாகவே சுவரை நக்கிப் பார்ப்பார். ஊர்காவற்றுறையில் எந்த வீட்டுச் சுவர் கரிக்கிறது, வேலணையில் எது பரவாயில்லை என்று, மற்றவர்கள் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை.

சுருவிலில் என் பங்குக்கு வந்த பழைய ஓட்டு வீட்டில் நாங்கள் குடியேறிய வருடம் அவரைத் தெரிய வந்தது. எனக்குத் தீவிலேயே அலுவலக வேலை. என் மனைவி யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள், இங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள். முதல் மாரியில் வீடு பதினொரு இடத்தில் ஒழுகியது. எங்களிடம் இருந்தவை ஒன்பது பாத்திரங்கள். மறுநாள் காலையிலேயே அவள் பட்டணத்துக்கு இடமாற்றம் கேட்கும் படிவத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டு, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

"வாற மாரிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் இதைக் குடுத்திடுவன். பிறகு நீங்களும் உங்கட வீடும் இருங்கோ."

எனக்கு வீடும் வேண்டும், மனைவியும் வேண்டும். ஆகவே நம்பிக்கையான ஒரு கொன்றாக்டரைத் தேடத் தொடங்கினேன்.

முதலாமவர் பட்டணத்திலிருந்து வாகனத்தில் வந்தார். வீட்டை எல்லாப் பக்கத்தாலும் போனில் படம் பிடித்தார், தன்னையும் இரண்டு பிடித்துக்கொண்டார். ஏழு பக்கத் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் மாடிப்படிக்கு மாபிள் பதிப்பது என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு மாடியே இல்லை.

இரண்டாமவர் உள்ளூர்க்காரர். வேலை தனக்குத்தான் என்பதற்கு அடையாளமாக எங்கள் வாசல் படலையடியில் ஒரு லோட் மண்ணைக் கொட்டிவிட்டு, "திங்கள் வாறன்" என்று போனார். எந்தத் திங்கள் என்று கேட்காமல் விட்டது என் பிழை. சில மாதங்களில் அந்தக் குவியல் நாலு ஆடுகளுக்குச் சொந்தமாகிவிட்டது.

"இனி ஆரையும் பிடிக்கிறதெண்டால், அந்தாள் முதல் செய்த வீட்டைப் போய்ப் பாக்கவேணும்" என்றாள் மனைவி. அப்படித்தான் வேலணையில் உப்பு மேசன் திருத்திய ஒரு வீட்டுக்குப் போனோம்.

"வேலை திறம்" என்றார் வீட்டுக்காரர். "மனுசன் கொஞ்சம் படுத்தெழும்பும், அவ்வளவுதான். சுவரிலை சந்தேகமெண்டால் ஒருக்கா நக்கிப் பாருங்கோவன்."

அவர் சிரிக்காமல் சொன்னார். நாங்களும் நக்காமல் வந்தோம்.

அடுத்த நாள் உப்பு மேசன் சைக்கிளில் வந்தார். பின்னால் சாந்தகப்பை, முன்னால் சுருட்டிய ஓலைப்பாய். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே விறாந்தைச் சுவருக்குப் போய் நாக்கை வைத்தார்.

"இஞ்சாருங்கோ, இந்த மனுசன் சுவரை நக்குது!" என்றாள் மனைவி.

"பேசாமல் இரும். ருசி பாக்கிறார்."

அவர் கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார். "தம்பி, இது பழைய ஆக்கள் நல்ல தண்ணியிலை குழைச்சுப் பூசினது. சோக்கான சுவர். சமைக்கிற குசினிச் சுவருக்கு ஆரோ உவர்க் கிணத்துத் தண்ணியை விட்டிட்டினம். அதுதான் பொருமிக் கொட்டுது." பிறகு படலையடி மண்ணில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுத் துப்பினார். "கடற்கரை மண். இதிலை ஆடு படுக்கிறதுதான் சரி."

"கூரையைப் பாக்க ஏணி எடுக்கட்டோ அண்ணை?"

"ஏணி என்னத்துக்கு? தலகணி இருந்தால் தாருங்கோ."

நடுவீட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். பதினொரு மணியிருக்கும். ஓட்டு இடுக்குகளால் வெயில் சின்னச் சின்ன வட்டங்களாக இறங்கி நிலத்தில் கிடந்தது.

"வெயில் வாற வழியாலைதான் மழையும் வரும், ரீச்சர். மழையிலை தேடினால் ஆம்பிடாது. வெயிலிலை படுத்துக்கிடந்துதான் தேடவேணும்."

மூன்று நாட்கள் அப்படிக் கிடந்தார். கண் பாதி திறந்திருக்கும், பாதி மூடியிருக்கும். கடல்காற்று வாசலால் வந்து பின்கதவால் போகும். வெளிச்ச வட்டங்கள் அலுமாரியடியில் தொடங்கி, பாயைத் தாண்டி, அவர் வயிற்றில் ஏறி இறங்கி, ஆறுதலாகக் கதவுப்பக்கம் நகரும். அவர் இடைக்கிடை எழும்பி ஒரு தாளில் புள்ளி வைப்பார், மறுபடி சாய்வார். அந்த வீட்டில் நேரம் எப்படிப் போகிறதென்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

"நித்திரை கொள்ளவோ ஆளைப் பிடிச்சனீங்கள்?" என்று மனைவி என்னைத்தான் கடித்தாள். ஆனால் சனிக்கிழமை சந்தையால் வந்து பார்க்கிறேன், நிலத்தில் இரண்டு பாய்கள். ஒன்றில் உப்பு மேசன், எட்டத் தள்ளி மற்றதில் என் மனைவி, கையில் சோக்குக் கட்டி.

"சத்தம் போடாதேங்கோ. பதினேழாவது வட்டம் இப்ப கதிரைக் காலைத் தாண்டுது."

அன்றே ஒரு பூகம்பமும் வந்தது. அவர் புள்ளி வைத்துக்கொண்டிருந்த தாளை அவள் வாங்கித் திருப்பினாள்.

"அண்ணை! இது என்ர இடமாற்றப் படிவம்!"

"அலுமாரிக்கு மேலை கிடந்துது, ரீச்சர். இந்தப் பக்கம் வெறுமையா இருந்துது. மற்றப் பக்கம் வாசிக்கக் கண்ணாடி கொண்டு வரேல்லை."

"பறுவாயில்லை. வேற படிவம் எடுக்கலாம்" என்றாள். நான் சந்தைப் பையோடு குசினிக்குள் நழுவினேன்.

வேலை தொடங்கியதும் தண்ணீர்ப் பிரச்சினை. சீமெந்து குழைக்க சாட்டிக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது பவுசர் வண்டியில் எங்களுக்குக் குடிக்க வருகிற நல்ல தண்ணீர். மூன்று கிழமை எங்கள் பீப்பாயைச் சுவர்தான் குடித்தது. மனைவியின் தலைமயிர் தும்பாகிவிட்டது.

"சுவர் சாட்டித் தண்ணியிலை குளிக்குது. நான் உவர்த் தண்ணியிலை முழுகிறன்."

"நீங்கள் சாட்டிக்குப் போய்க் குளிக்கலாம், ரீச்சர். சுவர் எழும்பிப் போக ஏலாதெல்லோ."

ஓடுகளை மாற்றி, சுவரையும் பூசி முடித்தார். ஒருநாள் என் மனைவி குசினிச் சுவரோரம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். கண்டதை அவளும் கண்டாள். "உப்பில்லை" என்று மட்டும் சொன்னாள். அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு நடுவீட்டில் நின்று, "இருட்டாக் கிடக்கு" என்றாள். உப்பு மேசன் தலையைச் சொறிந்தார். அடுத்த நாள் எங்கிருந்தோ ஒரு கண்ணாடி ஓடு கொண்டுவந்து கூரையில் செருகிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனைவி ஒன்பது பாத்திரங்களையும் பழைய இடங்களில் வரிசையாக வைத்துவிட்டுக் கதிரையில் கைகட்டி உட்கார்ந்தாள். மழை ஓட்டை உடைப்பதுபோல விழுந்தது. நான் மேலே பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. உடுத்திருந்த சாரத்தோடு தெப்பமாக நனைந்து, கையிடுக்கில் பாயுடன் உப்பு மேசன்.

"கேக்க வந்தனான்" என்றார். பாத்திரங்களுக்கு நடுவே பாயைப் போட்டுப் படுத்துக் கண்ணை மூடினார்.

அரை மணி நேரம் மூவரும் மழையைக் கேட்டோம். திடீரென்று மனைவி எழும்பினாள். "அந்தா! நிலத்திலை தண்ணி! ஒழுகுது!"

"அது நான் ரீச்சர்" என்றார் அவர் கண்ணைத் திறக்காமல். "என்ர சாரம்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்து அப்படிச் சிரித்ததை நான் அதுவரை கண்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பாத்திரங்களைப் பொறுக்கினாள். ஒன்றை மட்டும் அடுப்பில் வைத்தாள்.

"சாட்டித் தண்ணியிலை தேத்தண்ணி போடுறன், அண்ணை. குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

வேறு படிவம் அவள் எடுக்கவேயில்லை. பழையது இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது, புள்ளி வைத்த பக்கம் மேலே தெரிய. உப்பு மேசன் இப்போது புங்குடுதீவில், மடத்துவெளியில் யாரோ ஒருவரின் வீட்டில் மல்லாந்து கிடக்கிறார் என்று கேள்வி. அந்த வீட்டுக்காரர் பொறுமையாக இருக்க வேண்டும்.

விடுமுறை நாட்களில் பதினொரு மணிக்கு, கண்ணாடி ஓட்டால் உள்ளங்கையளவு வெளிச்சம் எங்கள் நிலத்தில் இறங்கி நடக்கத் தொடங்கும். "உப்பண்ணை வாறார்" என்பாள் மனைவி. நான் எழும்பி, வழியில் கிடக்கும் கதிரையைத் தள்ளி வைப்பேன்.