மேடவாக்கத்துப் போர்ச்சேவல்

சேவல் கூவி முடிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது.

"வினோத், உங்க வீட்ல சேவல் இருக்கா?" எதிர் ஃபிளாட் தபீதாள் டீச்சர்.

"செல்போன் அலாரம், டீச்சர்."

குளியலறைக்குள் அலாரம் மறுபடி கூவியது.

"அதுக்குக் கொஞ்சம் தீனி போட்டு ஆஃப் பண்ணுங்க" என்று டீச்சர் போய்விட்டார்.

அது வினோத்குமாரின் வருங்கால மாமனார் வடிவேலுவின் சண்டைச் சேவல். பொங்கல் நெருங்கினாலே ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டைப் போலீஸ் நோட்டம் விடும். எங்கே ஒளித்துவைப்பது என்று அவர் தவித்தபோது, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மீன் விற்கும் அவர் மனைவி அங்காளம்மாதான் வழி சொன்னாள்.

"வினோத் தம்பிகிட்ட குடுய்யா. படிச்ச புள்ள, நல்லா பாத்துக்கும்."

வடிவேலு சேவலை நீட்டினார். "பெட்டைய மட்டும் கண்ல காட்டிடாத. இது ஜெயிச்சா ஜெயஸ்ரீக்கும் உனக்கும் கல்யாணம். தோத்துச்சு, நான் களத்துப் பக்கமே போவ மாட்டேன். நீ என் வூட்டுப் பக்கம் வரக்கூடாது."

கூவலை நிறுத்த வினோத் பாதாம் கொடுத்தான். வாய் அடங்கியது, வயிறு பெருத்தது. இளைக்கட்டும் என்று மொட்டைமாடியில் ஓடவிட்டான். அங்கே வாட்ச்மேனின் பெட்டைக்கோழி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்பிறகு சேவல் ஓடவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ரோஷம் வரட்டும் என்று கண்ணாடியைக் காட்டினான். கழுத்தைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்தது.

"மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு" என்றாள் ஜெயஸ்ரீ. "உனக்கில்ல, அதுக்கு."

காணும் பொங்கலன்று ஏரிக்கரைத் தோப்பில் இரண்டு சேவல்களையும் எதிரெதிரே முகம் காட்டினார்கள். எதிர்ச் சேவல் சிலிர்த்தது. வடிவேலுவின் சேவல் அவர் பிடியிலிருந்து நழுவி, கூட்டத்தைக் கடந்து, வினோத்தின் தோளில் ஏறிச் சட்டைப்பையில் பாதாம் தேடியது.

"இன்னா வடிவேலு, சண்டைக்கு வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?" என்று கூட்டம் சிரித்தது.

முறைக்காத சேவலைக் களத்தில் விடமாட்டார்கள், தோற்றதாகவே கணக்கு. வடிவேலு அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

பின்னாலேயே வந்த வினோத் வாசற்படி ஏறவில்லை. அங்காளம்மா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தட்டு நிறைய வஞ்சிரம் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போன வருசம் லாக்கப்ல கெடந்தாரு. கட்டிக்கினு வந்ததுலர்ந்து இன்னிக்குத்தான் பண்டிகைல வூட்ல கீறாரு. கல்யாணத்துக்கு நான் பேசிக்கிறேன். நீ நல்லா இருக்கணும் கண்ணு."

"நான்தானேம்மா சேவலக் கெடுத்தேன்?"

"பின்ன? கோழி வளக்கத் தெரிஞ்சவன் தெருவுக்குத் தெரு கீறான். இன்னாத்துக்கு உன்ன தேடிப் புடிச்சேன்னு நெனச்ச?"